தலைகீழாய் நட்ட ஈட்டி

ஓடக்காரன் உயிர் ஒன்றுக்கு நூறு கழஞ்சு பொன் என விலை குறித்தருளிய கருங்கோட்டு வேந்தர், மலைப்படை உடையார், இடங்கழியார் திருமுன்புக்கு, வெண்கானல் அரசியார் ஆணைப்படி, கடைவீதியில் வளர்ந்து மந்திரியான சாத்தன் எட்டி எழுதுவிக்கும் ஓலை. தங்கள் கோட்டை நிலைக்க, கிணறுகள் ஊறுக, நினைவாற்றல் அதனினும் நன்றாய் ஊறுக, இனி அது தேவைப்படும்.

தாங்கள் அனுப்பிய பொன்மூட்டை வந்தது. பேரம் பேசும் குடியில் பிறந்த மந்திரி அதை அவிழ்க்கவில்லை. கேட்பதற்கு முன்பே விலை கொடுக்க வருபவருக்கு அவர் எந்நாளும் சரக்கு விற்றதில்லை.

எங்கள் சிறையிலுள்ள தங்கள் வீரன் பூழன் கட்டாயத்தால் கொன்றவன், ஆகவே குற்றமற்றவன், விசாரணையை நிறுத்துக என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் மெய்தான். சரணடைந்த எங்கள் ஓடக்காரர் பதினொருவரைக் கைகட்டி உப்பங்கழி மணலில் உட்கார்த்தி, குத்தும்படி தங்கள் தளபதி முரஞ்சன் சொன்னபோது, பூழன் மாட்டேனென்று ஈட்டியைத் தலைகீழாய் நட்டான். மறுநாள் முரஞ்சன் அவன் தம்பியை இழுத்துவந்து அதே வரிசையில் அமர்த்தி, தம்பி எழுந்திருக்க வேண்டுமானால் மற்றவர்களைப் படுக்கவைக்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னானாம். பூழன் தம்பியைப் பார்த்தான். தம்பி மணலையே பார்த்திருந்தான். பூழன் ஈட்டியைப் பிடுங்கினான்.

விசாரணையில் இத்தனையும் சொன்ன பூழன், முரஞ்சனுக்கும் மேலே இருந்து பிடுங்கச் சொன்னது யாரென்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டான். தம்பி இன்னும் தங்கள் பாசறையில் இருக்கிறானல்லவா.

அவன் மறைத்ததைத் தாங்களே சொல்லிவிட்டீர்கள். பூழன் மறுத்து நட்டதும், நாட்டு முறை வழுவாமல் அந்த ஈட்டி நிமிர்ந்ததும் தங்கள் ஓலையில் தங்கள் முத்திரையோடு இருக்கின்றன. கருங்கோட்டில் மறுத்து நட்ட ஈட்டியை நிமிர்த்த வேந்தரின் மோதிரம் வரவேண்டும். தளபதி தானாக நிமிர்த்தச் சொன்னால் தளபதியின் தலை போகும். தங்கள் சந்தையில் ஏழாண்டு மிளகு விற்ற இந்த மந்திரிக்கு இது தெரியாதென்று எண்ணினீர்கள் போலும்.

அரசியார் தீர்ப்பு கேட்டருள்க. தம்பியைக் காக்கவும் பிறர் உயிரை எடுக்க எவருக்கும் உரிமையில்லை, பூழன் குற்றவாளி. கட்டாயம் மெய்யாதலால் கழுமரம் இல்லை. இறந்தவர்களின் துறையில் ஆயுள் முழுதும் ஓடம் வலிப்பான். கட்டாயப்படுத்தியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தீர்ப்பைக் கேட்ட பூழன் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தம்பி வருவானா என்று மட்டும் கேட்டான்.

ஆகவே அமாவாசைக்குள் முரஞ்சனைக் கட்டியும் தம்பியைக் கட்டாமலும் அனுப்புக. தம்பிக்கு வழியில் காய்ச்சல் கண்டாலும் அது தாங்கள் அனுப்பிய காய்ச்சலென்றே கொள்வோம். தவறினால் தங்கள் ஓலை அண்டை நாட்டு அவைதோறும் வாசிக்கப்படும். ஒரு பிடி உப்பும் மலையேறாது. பொன் தூதன் கையில் திரும்புகிறது. அரசியாரின் சுறா முத்திரை இட்டோம், இவ்வாணை மாறாது.

கணக்கு: கொலை பதினொன்று. பூழன் பங்கு, ஏற்றுக்கொண்டான். முரஞ்சன் பங்கு, வரவில்லை. மோதிரம் அணிந்த கையின் பங்கு, வரவில்லை. நிலுவை தங்கள் பேரில்.