கண்டக்டர் பேசிவிட்டார்

புதன்கிழமை, கடலூர்

இன்று சிதம்பரத்தில் என் பேச்சுப் பயிற்சிக் குழு. பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வாராவாரம் வருவார்கள். கலிவரதன் பஸ் கண்டக்டராக இருந்தவர். எட்டு மாதமாகப் படம் காட்டி, உதட்டை அசைத்துக் காட்டி, தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

செல்வி, குழுவில் இன்னொருவரான தன் மாமனாரை அழைத்து வருபவள். வந்தே மூன்று வாரம்தான். டீ குடிக்கும்போது கலிவரதனிடம், "கண்டக்டர் மாமா, வடலூர் போவுமா?" என்று சும்மா கேட்டாள்.

"ஏறு, ஏறு. உள்ள போ" என்றார்.

அவர் மனைவி செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னிடம், "எட்டு மாசமா உங்களால ஆவல மேடம், இந்தப் பொண்ணு பேச வச்சிட்டா பாருங்க" என்றார். குத்திச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னார். நானும் கை தட்டினேன். வயிறு எரிந்தது.

கிளம்பும்போது செல்வி, "அடுத்த வாரமும் அவுருகிட்ட பேசட்டா மேடம்?" என்றாள்.

"வேணாம். பயிற்சி தெரியாதவங்க பேசினா அவருக்குக் குழப்பமாயிடும்" என்றேன்.

பச்சைப் பொய். "சாரி மேடம், இனிமே பேசல" என்று முகம் வாடிப் போனாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது. சற்று முன், "நான் சொன்னது தப்பு செல்வி, அடுத்த வாரம் அவர் பக்கத்துலயே உக்காருங்க" என்று மெசேஜ் அனுப்பினேன். உடனே, "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று பதில் வந்தது.

எனக்குச் சந்தோஷம் இல்லை. கலிவரதனின் அந்த முதல் வார்த்தை என்னிடம் வந்திருக்க வேண்டும்.