ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டூல்

உன் தம்பி தரவேண்டிய பதினோராயிரத்து நானூறு இனி பணமாக வராது. நேற்று ஜூஸ் கடையைக் காலி செய்துவிட்டான். "மாமா, வேற ஒண்ணுமில்ல, புடிச்ச ஸ்டூலா ரெண்டு எடுத்துக்கோங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததால் சரியென்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து நம் சமையல் மேடையைக் கயிற்றால் அளந்துகொண்டுதான் திரும்பப் போனேன். குட்டை ஸ்டூல்களைத் தள்ளிவிட்டு, கயிற்றுக்குச் சரியாயிருந்த இரண்டைத் தூக்கி வந்தேன். வீட்டில் போட்டால் ஸ்டூலும் மேடையும் ஒரே உயரம். உட்கார்ந்தால் மடியைவிடத் தட்டு தாழ்ந்திருக்கிறது. முழங்காலுக்கு இடம் வேண்டுமென்பது என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் மாற்றப் போனேன். குட்டை ஸ்டூல்களைப் பழைய இரும்புக்காரன் அள்ளிப் போய்விட்டான். ஸ்டூல் காலை வெட்டிக் குறைக்க வெல்டிங்காரர் கேட்கிற கூலிக்குப் புதுசே வாங்கலாம்.

நீ வேண்டாமென்று சொல்லியும் அவனுக்குக் கடன் கொடுத்தேன். அன்றிலிருந்து நீ என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, மேடையோரம் நின்றே தின்கிறாய். ஸ்டூல் இருந்தால் உட்காருவாய் என்று நினைத்தேன். இனி அதுவும் நடக்காது.

சாப்பாடு மூடியிருக்கிறது. நான் மூட்டை இறக்கிவிட்டு வர இருட்டிவிடும், காத்திருக்காதே.

ஜன்னல் பக்கத்து ஸ்டூல் ஆடுகிறது, ஏறாதே.

உன் தம்பி வந்தால் ஸ்டூல் கச்சிதமாக இருக்கிறதென்றே சொல். சுவரில் நீ எழுதிவைத்த தொகையை அடித்துவிட்டேன். அன்று எனக்கு எழுதத் தெரியாது, இப்போது கற்றுக்கொண்டேன். கீழே 'தீர்ந்தது' என்று எழுதியிருப்பது நான்தான். தப்பாயிருந்தாலும் திருத்தாதே.