மெழுகுப் பல்லும் அப்பாவின் கையும்

09.06.2024
பெண்கள் விடுதி

அன்பின் சுலோ அக்காவுக்கு,

நேற்று போனில் நான் அழுதேன், நீங்கள் ஏசினீர்கள், ஒன்றையும் கதைத்து முடிக்காமலே வைத்துவிட்டோம். எழுதினால் இடையில் மறிக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்ட வேண்டாம்.

பல் வைத்தியம் படிக்கிறேன் என்று நீங்கள் எல்லோருக்கும் சொல்கிறீர்கள். இங்கே நான் இன்னும் ஒருவருடைய வாயையும் பார்க்கவில்லை. முதல் வருஷத்தில் எங்களுக்கு மெழுகுதான். ஒரு மெழுகுக் கட்டியைத் தருவார்கள். சின்னக் கத்தியால் செதுக்கிச் செதுக்கி, சொன்ன அளவில் ஒரு பல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெட்டும்பல்லை ஒரு மாதிரி ஒப்பேற்றினேன். வேட்டைப்பல்லின் கூர்நுனியை உடைத்தேன். இப்போது மேல் கடைவாய்ப்பல். நாலு முகடு, நடுவில் பள்ளம், மூன்று வேர். இங்கத்தைக் குளிருக்கு மெழுகு கத்தி பட்டதும் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. வீட்டில் செய்து பார்த்தபோது வெயிலுக்கு வளைந்தது. மீனுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்து அம்மாவிடம் பேச்சு வாங்கினேனே.

ஆனால் என் பிரச்சினை மெழுகு இல்லை, அக்கா. என் கை. கத்தியைப் பள்ளத்துக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது அது நடுங்குகிறது. வியாழக்கிழமை, எங்களுக்குச் செதுக்கல் படிப்பிக்கிற டொக்டர் றம்லா எனக்குப் பின்னால் வந்து நின்று கனநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "கையை மேசையில வையுங்கோ. இப்பத் தூக்குங்கோ. எவ்வளவு காலமா இப்பிடி?" என்று கேட்டார். பயத்தில் நடுங்குகிறது என்றேன். "பயமெண்டால் ரெண்டு கிழமையில போயிருக்கும்," என்றார்.

நரம்பு வைத்தியரிடம் காட்டி ஒரு கடிதம் கொண்டுவந்தால்தான் ஆடி மாதச் செதுக்கல் சோதனைக்கு என்னை இருத்துவார்கள். அந்த வைத்தியர் முதல் கேட்கப்போவது, வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்பதுதான். யாருக்கு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்க்காமல் நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பித்தானே வளர்ந்தோம்?

நான் அதைச் சொல்லலாமா? உங்கள் பதில் வரும்வரை கிளினிக்குக்குப் போகமாட்டேன்.

உங்கள் தங்கை,
லதுசா


16.06.2024
திருகோணமலை

அன்பான லதுவுக்கு,

உன் கடிதத்தைக் கந்தோரில் வைத்துத்தான் வாசித்தேன். வாசித்துவிட்டுக் கைப்பையின் அடியில் வைத்தேன். பின்னேரம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

உன் கைக்கு ஒன்றும் ஆகாது. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, நித்திரை இல்லை, அதுதான். ஆனால் நீ கேட்டதற்குப் பதில், வேண்டாம். இப்போது வேண்டாம்.

ஆவணியில் எனக்கு எழுத்து, கலியாணப் பதிவு. இராகுலனின் ஆட்கள் எவ்வளவு விசாரித்த பிறகு ஓம் சொன்னவர்கள் என்று உனக்குத் தெரியாது. ஈச்சிலம்பற்றிலிருந்து எத்தனை தரம் வந்து போனார்கள்! உன்னுடைய இடத்தில் மேல் வருஷம் படிக்கிற துவாரகன் இராகுலனுடைய சித்தியின் மகன். நீ அங்கே ஒரு வைத்தியரிடம் சொல்வது இங்கே வந்துசேர எத்தனை நாள் எடுக்கும்? அப்பாவுக்கு இருக்கிறது, தங்கச்சிக்கு வந்திருக்கிறது, அப்போ மூத்தவளுக்கு? அவள் பெறப்போகிற பிள்ளைக்கு? இப்படித்தான் கேட்பார்கள். இந்தக் கேள்வியை நானே இன்னும் என்னிடம் கேட்டுப் பார்க்கவில்லை, லது. எனக்குத் துணிவில்லை.

அப்பா வழமைபோல லாஞ்சில் போய்வருகிறார். சுக்கானை இறுக்கிப் பிடித்துவிட்டால் அவருடைய கை அசைவதில்லை. வெளியில் நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு ஒரு கீறலும் இல்லாமல் திரும்புகிறார். ஆனால் இறங்குதுறையில் நின்று பிளேன்ரீ குடிக்கும்போது தேத்தண்ணிக் கோப்பை ஆடுவதைப் பார்க்கிறவர்கள், கனகசுந்தரம் காலையிலேயே போட்டுவிட்டார் என்று சிரிக்கிறார்களாம். அம்மா சொல்லிக் கவலைப்பட்டார். அப்பா அதைத் திருத்துவதில்லை.

எழுத்து முடியும்வரை பொறு. கேட்டால் இல்லை என்று சொல். ஒரு சொல்தானே.

அன்புடன்,
அக்கா


30.06.2024

அன்பின் அக்கா,

இல்லை என்று சொன்னேன்.

வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒருவருக்குமே இல்லையோ? அப்பா, அம்மா, சித்தப்பாமார்?" நான் மறுபடியும் இல்லை என்றேன். "அப்ப நாங்கள் வேற காரணம் தேட வேணும்," என்றார். இரத்தச் சோதனை, தலையை ஸ்கான் எடுத்துப் பார்ப்பது என்று வரிசையாகச் சொன்னார். ஸ்கானுக்குக் கிடைத்த திகதி செதுக்கல் சோதனைக்குப் பிறகுதான். அதுவரை கடிதம் தர ஏலாது என்கிறார். அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. இல்லாத நோயைத் தேடச் சொன்னவள் நான்தானே!

கடிதம் இல்லாமல் சோதனைக்கு இருக்க முடியாது. இருக்காவிட்டால் அடுத்த வருஷம் புதிதாக வருகிற பிள்ளைகளோடு மறுபடியும் வெட்டும்பல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

அது போகட்டும். காரணம் தெரிந்திருந்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. தலைக்குள் ஏதாவது இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறேன். பொய் சொன்னவளுக்கே தன் பொய்யைப் பார்த்துப் பயம் வருமென்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கன்டீனில் துவாரகன் வந்து முன்னால் இருந்தார். "கையில ஏதோ பிரச்சினையாம்?" என்றார். நான் கையை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டேன். சோறு முன்னால் கிடந்தது. அவர் எழும்பிப் போகும்வரை நான் சாப்பிடவில்லை.

நான் என்ன செய்ய, அக்கா?

லது


04.07.2024

லது,

நீ என்னைக் கேட்கவில்லை, குற்றம் சாட்டுகிறாய். உனக்குச் சோதனை மறுபடியும் வரும். ஒரு வருஷம் பிந்தினாலும் நீ டொக்டர்தான். எனக்கு இது மறுபடியும் வராது. உன் படிப்பு ஒழுங்காக நடக்கட்டும் என்று எனக்கு வந்த கலியாணப் பேச்சுக்களை நான்தான் தள்ளிவைத்தேன். அதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லவைத்துவிட்டாய்.

இதைப் பற்றிப் போன் எடுக்காதே. அம்மா பக்கத்தில் நிற்பார்.

சுலோஜனா


08.07.2024

அன்பின் அக்கா,

நீங்கள் பேச்சுக்களைத் தள்ளிவைத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வேண்டாம் என்றிருப்பேன். இப்போது அதைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை.

ஆனால் பதினெட்டாம் திகதி வியாழக்கிழமை நான் மறுபடியும் கிளினிக்குக்குப் போகிறேன். உண்மையைச் சொல்லப்போகிறேன். இந்தமுறை உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படக்கூடாது என்று முதலே அறிவிக்கிறேன். நாளைக்கு ஒருவருடைய வாய்க்குள் கத்தி வைக்கப்போகிற கை இது. இதைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு என்னால் படிக்க ஏலாது.

என்னை வெறுக்காதீர்கள்.

லது


14.07.2024, ஞாயிறு

லதுவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை நாளைக் காலையிலேயே தபாலில் போடுவேன்.

இன்றைக்கு இராகுலனும் அவருடைய தாய் சிவகாமிப்பிள்ளையும் வந்தார்கள். எழுத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்று அம்மா காலையிலிருந்து சமையலோடு குசினியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா முன்னறையில் கதிரையில் கையிரண்டையும் கட்டிக்கொண்டு இருந்தார். வந்தவர்கள் இருந்து ஆறுவதற்கிடையில் மாமி கேட்டுவிட்டா.

"கோபிக்கக் கூடாது. இறங்குதுறைப் பக்கம் ஒரு கதை கேள்விப்பட்டனாங்கள். நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

அம்மா கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"ஓம். இடைக்கிடை."

லது, உனக்குத் தெரியும். அப்பா கலியாண வீட்டில்கூட அதைத் தொட்டதில்லை.

மாமியின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "குடிதானே, நிப்பாட்டலாம். எங்கட மனுசனும் குடிச்சுத்தான் விட்டவர்," என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. எல்லாம் சரிவந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆவணியில் எழுத்து. மாமி அப்பாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தா. அப்பா ஓம் ஓம் என்று தலையாட்டினார், பள்ளிக்கூடத்தில் பிழை செய்து நிற்கிற பிள்ளை மாதிரி. என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை.

"அப்பா குடிக்கிறேல்லை," என்றேன். "அவருக்குக் கை நடுங்கிற வருத்தம். தங்கச்சிக்கும் வந்திருக்கு. எனக்கு வருமோ எண்டு எனக்குத் தெரியாது."

"பிள்ளை, சும்மா இரு," என்றார் அப்பா. அவர் என்னை அதட்டியது நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

மாமி எழும்பிவிட்டா. இராகுலனும் பின்னால் எழும்பினார். அவர்கள் போன பிறகு அப்பா கிணற்றடியில் போய் நின்றார். நான் கிட்டப் போனபோது, "உன்னட்டை ஆர் கேட்டது?" என்று மட்டும் சொன்னார். அழுதாரோ தெரியாது. முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நீ போய்ச் சொல்லு. அப்பாவின் பெயரையும் சொல்லு.

அக்கா


28.07.2024

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் பதினேழாம் திகதி புதன்கிழமையே கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் வியாழக்கிழமை சொல்லியிருப்பேன். இதை மறைத்தால் பிழை. ஆனால் அதை வாசித்த பிறகு என்னால் நிமிர்ந்து இருந்து சொல்ல முடிந்தது.

வைத்தியர் ஏசவில்லை. என்னை ஒரு சுருள் கோடு கீறச் சொன்னார், தண்ணீர்க் கோப்பையைத் தூக்கச் சொன்னார். பரம்பரையாக வருகிற நடுக்கம், உயிருக்கு ஆபத்தில்லை, குளிசை மருந்து இருக்கிறது, அப்பாவும் வந்து காட்டலாம் என்றார். "நான் பல் வைத்தியம் செய்ய ஏலுமோ?" என்று கேட்டேன். "இப்ப ஏலும். பத்து வருசத்துக்குப் பிறகும் ஏலுமோ எண்டு நான் சொல்லமாட்டன்," என்றார். கடிதம் தந்தார்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை சோதனை. மோதிரவிரலை மெழுகிலேயே ஊன்றிக்கொண்டு செதுக்கினால் கத்தி அலையாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். முகடுகள் வந்தன. நடுப்பள்ளத்தைக் கீறும்போது கை துள்ளி ஒரு முகடு மழுங்கிப் போனது. அதை மறைக்க மற்றவற்றையும் சீவவில்லை, அப்படியே கொடுத்தேன். டொக்டர் றம்லா பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அழகில்லை. ஆனால் இது கடைவாய்ப்பல்தான்," என்றார். மட்டுமட்டாகப் பாஸ்.

சந்தோஷப்படத் தெரியவில்லை. இராகுலன் அத்தான் என்ன சொன்னார்? அத்தான் என்று எழுதலாமா என்றும் தெரியவில்லை. துவாரகன் என்னைக் கண்டால் இப்போது வேறு வழியால் போகிறார். என்னால்தான் எல்லாம் என்று நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சொன்னால் விடுமுறைக்கு வராமல் இங்கேயே நிற்கிறேன்.

உங்கள்,
லது


05.08.2024
திருகோணமலை

லதுவுக்கு,

நீ பாஸ் என்று அம்மா அயலெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

இராகுலன் போன புதன்கிழமை சீனன்குடாவில் வேலை முடிந்து நேரே கந்தோர் வாசலுக்கு வந்தார். நல்ல மனிதர், லது. அதில் எனக்கு இப்பவும் சந்தேகமில்லை. "அம்மா கொஞ்சம் பொறுக்கச் சொல்றா. நீங்களும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டினால் என்ன? ஒண்டும் இல்லையெண்டு வந்தால் அம்மாவைச் சமாளிக்கலாம்," என்றார்.

"இருக்கெண்டு வந்தால்?" என்று கேட்டேன்.

அவர் மோட்டார்சைக்கிள் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை, பதில் வரும் என்று நின்றேன். அவ்வளவு நேரம் யோசிக்கிற மனிதரை இனியும் யோசிக்க வைக்கக்கூடாது என்று பட்டது. "வேண்டாம், இராகுலன். நான் விடுறன்," என்றேன். அவர் மறிக்கவில்லை.

ஆக, வேண்டாம் என்று சொன்னது நான். அப்பாவும் இல்லை, மாமியும் இல்லை, நீயும் இல்லை. இதை நீ சுமக்கக்கூடாது. ஆனால் உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. காலையில் எழும்பும்போது இருக்கிறது. கந்தோரில் யாராவது ஆவணி என்று சொன்னால் வருகிறது. எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாதி கூட்டத்துக்கு நடுவில் சத்தமாக என்ன வருத்தம் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல், அதே அளவு சத்தமாக, "கை நடுங்கிறது, பிள்ளை. கனகாலமா," என்றார். குளிசை தொடங்கியிருக்கிறார். லாஞ்சைத் தொடர்ந்து ஓட்டலாமா என்று துறைமுகத்து டொக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். அப்பா தானாகவே அங்கே போய்ச் சொல்லிவிட்டார்.

விடுமுறைக்கு வராமல் நிற்கிற கதையை விடு. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வா. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வருவார். நான் வரமாட்டேன். வீட்டில்தான் நிற்பேன். வந்ததும் என்னிடம் மன்னிப்புக் கின்னிப்பு என்று தொடங்காதே. குளித்துவிட்டுச் சாப்பிடு. எனக்குக் கதைக்க மனம் வரும்போது நானே உன் அறைக்கு வருவேன்.

சுலோ அக்கா