எட்டடிக்கு ஒரு நேர்கோடு

மார்ச் 10, 2025 – திங்கள்

கத்தாரிலிருந்து நான் சுமந்து வந்த டிராக் சா என்கிற மின்ரம்பத்துக்கு முதல் பெரிய வேலை. குளச்சல் ததேயுஸ் அண்ணன் மகளுக்குக் கல்யாண அலமாரி. கதவுகள் எட்டடி. சா ஓடுகிற ரெயில் என்னிடம் இரண்டு, ஒன்றுக்கு ஐந்தடிகூட நீளமில்லை. “சேத்துப் போட்டா ஆச்சு அண்ணே” என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

ரெஜிஷா, “இதும் சரியாவலேன்னா எட்சன் அண்ணன்கிட்ட வாறேன்னு சொல்லிருங்க” என்றாள். எட்சன் கத்தாரில் எனக்குப் போர்மேன். ஈஸ்டர் வரை எனக்காக இடம் வைத்திருக்கிறார். போக எனக்கு மனமில்லை. கட்டின பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல வெட்கம்.

மார்ச் 12

ரெயில்களை முட்டக் கொடுத்து, அடியில் இணைப்புக் கம்பி செருகி, திருகுகளை மூச்சைப் பிடித்து முறுக்கினேன். இரண்டு கதவு வெட்டினேன். வெட்டின ஓரங்களைச் சேர்த்து வைத்தால் நடுவே பென்சில் நுழைகிறது. இரண்டு நல்ல பலகை போச்சு.

மார்ச் 13

சாவைத் திட்டினேன். ரெயிலைத் திட்டினேன். தரையையும் திட்டினேன். ரெஜிஷா, “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்றாள்.

மார்ச் 15

முட்டக் கொடுத்ததுதான் தப்பு. நடுவில் காகிதம் நுழைய இடம் விட்டு, நேரான எதையாவது ஒட்டி வைத்து, அப்புறம்தான் முறுக்க வேண்டும். பூச்சு வேலைக்கு வாங்கிய அலுமினியச் சட்டத்தை ஒட்டி வைத்தேன். பழைய பலகையில் வெட்டிப் பார்த்தேன். இப்போது வெட்டின ஓரம் மறுபக்கம் வயிறு தள்ளுகிறது!

ஒற்றைக் கண்ணால் சட்டத்தைப் பார்த்தேன். வாழைக்காய். ஆக, கூடம் நிஜமாகவே கோணல். கோணலாக்கியது யார்? போன வருஷம் அதன் நுனியில் அரிவாளைக் கட்டிப் பலாமரத்தில் சக்கை இறக்கிய மகான். வேறு யார், நான்தான்.

மார்ச் 17

கதவுக்கென்று மிச்சம் இருந்தது இரண்டே பலகை. இதுவும் போனால் கத்தார்தான். குளச்சலில் தங்கூசி வாங்கி வந்தேன். மீன்காரர்கள் தூண்டிலில் கட்டும் நரம்புதான், இழுத்துப் பிடித்தால் அதைவிட நேர் எதுவும் இல்லை. ஒரு முனையை மேசையில் ஆணியடித்துக் கட்டினேன். மறுமுனையை ரெஜிஷா விறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.

ரெயில் விளிம்பை நரம்பு தொட்டும் தொடாமலும் வைத்தேன். வாய் சும்மா இருக்குமா? “இது சரியா வந்தாலும் நீ என்னைத் தொரத்தத்தானே போற?” என்று கேட்டுவிட்டேன்.

“மொதல்ல நேரா பாத்து முறுக்குங்க. எனக்குக் கை கடுக்குவு.”

மெதுவாக, மாற்றி மாற்றி முறுக்கினேன். வெட்டினேன். கதவுகளைச் சேர்த்து வைத்தோம். வெளிச்சம்கூட நுழையவில்லை. எனக்கு அழுகை வந்தது. மரத்தூள் என்று கண்ணைத் துடைத்தேன்.

மார்ச் 22 – சனி

அலமாரி குளச்சல் போய்ச் சேர்ந்தது.

பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது எட்சன் போன். நான் கை துடைப்பதற்குள் ரெஜிஷா எடுத்துவிட்டாள். “அவரு வரமாட்டாரு அண்ணே. இங்க ஒத்தியானம் வேல குமிஞ்சு கெடக்கு. நிக்க நேரமில்ல.”

கையில் ஒரு வேலையும் இல்லை. அவளுக்கும் தெரியும். நான் சாவை எடுத்து வெறுமனே ஓடவிட்டேன், எட்சனுக்குக் கேட்கட்டும் என்று.