மூவரும் ஒரே பக்கம்

நாமக்கல்
16.06.2024

அன்புள்ள மெர்சிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதம் குறுக்கே பேசாது.

மலையில் குளிர் அதிகமா? கழுத்து வலி எப்படி இருக்கிறது? நீ கொல்லிமலைக்கு உடற்கல்வி ஆசிரியையாகப் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இடமாறுதலுக்கு எழுதிப் போடு என்று நான் சொன்னதும், நீ போடாததும், நான் கோபித்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்குக்கூட மலையேறாததும் பழைய கதை. விடு. நம் வீட்டு மாடியில் நீ வைத்த முருங்கை காய்க்கிறது. பக்கத்து வீட்டு வனிதா அக்காதான் பறித்துக்கொண்டு போகிறார்.

புதுப் பள்ளியில் பயிற்சியாளர் வேலை பரவாயில்லை. கூடைப்பந்துக்கு மரத்தளம் போட்ட உள்ளரங்கு கட்டியிருக்கிறார்கள். ராசிபுரத்துப் பூங்குழலி நினைவிருக்கிறாளா? கூடைக்குக் கீழே நின்றால் யாராலும் அசைக்க முடியாதே, அந்தப் பெண். இந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு எங்களிடம் சேர்ந்துவிட்டாள். தூரத்திலிருந்து வீசும் திருச்செங்கோட்டுக் கவிதாவும் வந்துவிட்டாள்.

கழுத்துக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவிக்கொள். உன் அணியின் தேன்மொழி எப்படி இருக்கிறாள்? இன்னும் இடது கையால்தான் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறாளா?

அன்புடன்,
ஸ்டீபன்


அரியூர் நாடு, கொல்லிமலை
24.06.2024

அன்புள்ள ஸ்டீபன் அவர்களுக்கு,

தைலம் கிடைத்தது. நன்றி. வலி அப்படியேதான் இருக்கிறது.

ஆறு மாதமாக ஒரு வரி எழுதாதவர் திடீரென்று முருங்கைக்காயைப் பற்றி எழுதினால் நான் என்ன நினைப்பது? உங்கள் கடிதத்தை மேலிருந்து படித்தால் என் கழுத்தைப் பற்றியது. கீழிருந்து படித்தால் தேன்மொழியைப் பற்றியது. நான் கீழிருந்துதான் படித்தேன்.

போன வருட மாவட்டப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ராசிபுரம் எங்களை ஒரே புள்ளியில் வென்றது. நாங்கள் திருச்செங்கோட்டை இரண்டு புள்ளியில் வென்றோம். திருச்செங்கோடு ராசிபுரத்தை முந்தின வருடம் வென்றிருந்தது. கடைசி விசில் வரைக்கும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஏனென்றால் ஒவ்வோர் அணியிலும் தனியாளாக ஆட்டத்தைத் திருப்பக்கூடிய பெண் ஒருத்தி இருந்தாள். அந்த மூவரில் இருவர் இப்போது உங்களிடம். மூன்றாமவளின் இடது கையை விசாரிக்கிறீர்கள்.

இன்னொன்று. போன வாரம் பக்கத்து ஊரான குண்டனி நாட்டில் தேன்மொழி வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றதாம். அவள் அப்பா சின்னுசாமியோடு யாரோ வெகுநேரம் உட்கார்ந்து பேசினார்களாம். பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அது நீங்களா?

மெர்சி


நாமக்கல்
01.07.2024

அன்புள்ள மெர்சிக்கு,

அது நான் இல்லை. பைபிள்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். என்னிடம் கார் ஏது?

தைலம் அனுப்பினால் அதிலும் சூது தேடுகிறாய். இருக்கட்டும். நீ கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். தேன்மொழி கொடுக்கும் பந்தைப் பிடிக்க உன் அணியில் ஆள் இருக்கிறார்களா? அவள் கொடுப்பாள், பந்து இன்னொருத்தி தோளில் பட்டு வெளியே போகும். நானே பார்த்திருக்கிறேன். மூன்று நல்ல ஆட்டக்காரிகளை மூன்று ஊரில் பிரித்து வைத்துக்கொண்டு மாவட்டத்தில் சமமாக மோதுகிறோம், சரி. மாநிலத்துக்குப் போனால் முதல் சுற்றிலேயே அடிபட்டுத் திரும்பி வருகிறோம். இந்தச் சமம் யாருக்கு லாபம்?

மழை பிடித்துவிட்டது. வெந்நீரில் குளி.

அன்புடன்,
ஸ்டீபன்


அரியூர் நாடு
10.07.2024

அன்புள்ள ஸ்டீபன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் நேராகக் குண்டனி நாட்டுக்குப் போனேன். சின்னுசாமி மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கார்ல வந்தது யாருங்க?" என்றேன்.

"அவுங்க மிளகு கேட்டு வந்த யாவாரிங்க டீச்சர். போன வருசமும் வந்தாங்க."

"பாப்பாவைப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்களா?"

"கேட்டாங்க. நல்ல ஒசரமா வளந்திருக்குதேன்னாங்க. அதை எல்லாரும்தான் கேக்கறாங்க."

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. திரும்பி வரும்போது குச்சிக்கிழங்குக் காட்டுக்கு மேலே, சிக்னல் கிடைக்கிற பாறையில், தேன்மொழி போனோடு உட்கார்ந்திருந்தாள். நான் வருவதைப் பார்க்கவில்லை. "மிஸ்ஸுக்கு இன்னும் தெரியாது பூவு. சாரு பேசிக்கறேன்னு சொல்லியிருக்காராமில்ல?" என்றாள்.

பூவு என்றால் உங்கள் பூங்குழலி. சாரு என்றால் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பக்கத்தில் போய் நின்றேன். போனை மடியில் மறைத்தாள். பிறகு அவளே சொன்னாள்:

"சாரு எங்களைக் கூப்புடலீங்க மிஸ். நாங்களாத்தான் முடிவு பண்ணுனோம். போன வருசம் பரிசு குடுத்த அன்னைக்கே மூணு பேரும் பேசிக்கிட்டோம். வருசா வருசம் ஒருத்தி ஜெயிக்கறதுக்கு ரெண்டு பேரு அழுவறோமுங்க. ஒரே பக்கம் நின்னா மூணு பேரும் ஜெயிக்கலாமில்லீங்களா?"

"அப்ப மத்த புள்ளைங்க?" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

கார் உங்களுடையது இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னவர் நீங்கள். என்னிடம் பேசத்தான் இந்தத் தைலமா?

மெர்சி


நாமக்கல்
15.07.2024

மெர்சி,

ஆமாம்.

பூங்குழலி சேர வந்த அன்றே எங்கள் தாளாளரிடம், "மூணு பேரையும் சேத்துக்கிட்டாத்தான் நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டாள். பதினைந்து வயதுப் பெண் எப்படிப் பேசுகிறாள் பார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "மலையில உங்க வீட்டம்மாதானே இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். மூவரும் சேரவில்லை என்றால் எனக்கும் அங்கே இடம் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது.

அதற்காகத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகு உன் கழுத்து வலி நிஜமாகவே ஞாபகத்துக்கு வந்தது. இதை நீ நம்பமாட்டாய்.

ஸ்டீபன்


அரியூர் நாடு
04.08.2024

அன்புள்ள ஸ்டீபன் அவர்களுக்கு,

தேன்மொழி வந்து சேர்ந்திருப்பாள். சின்னுசாமியும் அவர் மனைவி ருக்குமணியும் பள்ளிக்கு வந்து கைகட்டி நின்றார்கள். "நீங்க வேண்டாமுன்னா நிறுத்திக்கறோமுங்க டீச்சர்" என்றார் ருக்குமணி. நிறுத்தச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆடப் போகிறவள் அவள். போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் போன மறுநாள் சாயங்காலம் நாலு பேர்தான் பயிற்சிக்கு வந்தார்கள். "இனி எதுக்குங்க மிஸ்?" என்று மற்றவர்கள் கேட்டார்களாம்.

நீங்கள் கேட்டது உங்கள் கைக்கு வந்துவிட்டது. இனியும் என் கழுத்து உங்கள் ஞாபகத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறேன்.

மெர்சி


நாமக்கல்
15.12.2024

அன்புள்ள மெர்சிக்கு,

ஐந்து மாதம் எழுதவில்லை. நீ நினைத்தபடியே நடந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். போன வருடம் பதினொரு பள்ளிகள் வந்த போட்டிக்கு இந்த வருடம் ஐந்துதான் வந்தன. உன் அணியும் வரவில்லை. இறுதி ஆட்டம் 78க்கு 6. இடைவேளையில் எதிரணி ஆசிரியர் தனபால் என்னிடம் வந்து, "சார், இதோட நிறுத்திக்கலாமுங்களா? எங்க புள்ளைங்க அழுவுதுங்க" என்று கேட்டார். தாளாளர் மேடையில் இருந்ததால் நான் சரி என்று சொல்லவில்லை. கோப்பையை வாங்கும்போது எங்கள் பெண்கள்கூடக் கத்தவில்லை. ஏதோ கடையில் சாமான் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்கள்.

மாநிலப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். அங்கே சென்னைப் பள்ளி ஒன்று. ஐந்து மாவட்டத்து முதல் ஆட்டக்காரிகள் ஐந்து பேர் அதில். இருபத்திரண்டு புள்ளியில் தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் தேன்மொழி கேட்டாள்: "அவுங்களும் எங்களை மாதிரியே பேசி வெச்சுக்கிட்டுச் சேந்திருப்பாங்களா சார்?"

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஸ்டீபன்


அரியூர் நாடு
20.01.2025

அன்புள்ள ஸ்டீபன் அவர்களுக்கு,

இதையெல்லாம் இப்போது எனக்கு எழுதுவானேன் என்று யோசித்தேன். ஆறுதலுக்கா, அடுத்த காரியத்துக்கா? தெரியவில்லை. வாழ்த்துக்கு நன்றி.

நாங்கள் மாவட்டத்துக்கு வராததற்குக் காரணம் பயம்தான். மறைப்பானேன்? ஆனால் சும்மா இருக்கவில்லை. தேவனூர் நாடு, குண்டனி நாடு, எங்கள் அரியூர் நாடு, மூன்று இடத்துப் பிள்ளைகளையும் மாதம் ஒரு நாள் எங்கள் மண் மைதானத்தில் சேர்க்கிறேன். பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி அணி பிரிக்கிறோம். போன மாதம் பக்கத்தில் நின்றவள் இந்த மாதம் எதிரில் நிற்பாள். யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் பார்க்க, சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அரிவாளோடு வந்து நின்றார்கள்.

பொங்கலுக்கு வந்த தேன்மொழியும் சீட்டுப் போட்டாள். சின்னப் பிள்ளைகள் பக்கம் விழுந்தது. ஒரே புள்ளியில் தோற்றாள். முகம் சிவந்துபோய், "இன்னொரு ஆட்டம் வெக்கலாமுங்க மிஸ், இப்பவே!" என்று நின்றாள். அவளை வென்ற பக்கம் ஆடியது அத்தாயி என்ற புதுப் பெண். எட்டாம் வகுப்புதான், குதித்தால் கை வளையத்தைத் தொடுகிறது.

அத்தாயியைப் பற்றி எழுதியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அந்த வரிகளை அடித்துவிடப் போனேன். அடிக்கவில்லை. பார்ப்போம்.

மெர்சி


நாமக்கல்
22.05.2025

அன்புள்ள மெர்சிக்கு,

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. மூவரும் பாஸ். பூங்குழலியும் கவிதாவும் பிளஸ் ஒன்னுக்குச் சென்னை போகிறார்கள், எங்களைத் தோற்கடித்த அதே பள்ளிக்கு. அங்கே பந்து தட்டிப் போக ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம். அதனால் தேன்மொழியை அவர்கள் கூப்பிடவில்லை. தோழிகள் இவளிடம் சொல்லவும் இல்லை. ஆபீசில் யாரோ பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

தாளாளர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் நேற்று ஒரு யோசனை சொன்னார். உன்னை இங்கே பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். குவார்ட்டர்ஸும் உண்டு. நாம் இருவரும் ஒரே இடத்தில் இருக்கலாம், மெர்சி. அத்தாயி போன்ற பிள்ளைகளுக்கும் ஒரு வழி பிறக்கும்.

யோசித்து எழுது.

ஸ்டீபன்


அரியூர் நாடு
29.05.2025

ஸ்டீபன் அவர்களுக்கு,

'நாம் இருவரும் ஒரே இடத்தில்' என்ற வரியை ஒரு முறை படித்தேன். அதற்கு அடுத்த வரியைப் பல முறை படித்தேன்.

இரண்டு பேர் போய்விட்டார்கள். மலையிலிருந்து புது ஆட்கள் வேண்டும். நான் இறங்கி வந்தால் என் பின்னாலேயே பிள்ளைகளும் வருவார்கள். இது உங்கள் தாளாளரின் கணக்கா, உங்களுடையதா? ஒருவேளை உங்களுக்கே தெரியாதோ?

நேராகக் கேட்கிறேன். நீங்கள் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறீர்களா, வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்களா? வேலைக்கு என்றால் வரமாட்டேன். வீட்டுக்கு என்றால் வேறொரு கடிதம் எழுதுங்கள். அதில் பந்தைப் பற்றி ஒரு வரியும் இருக்கக் கூடாது.

தேன்மொழியை என்ன செய்யப்போகிறீர்கள்? உங்களிடம் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். விடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மெர்சி


நாமக்கல்
04.06.2025

மெர்சிக்கு,

தண்ணீர்த் தொட்டி கசிகிறது. ஆள் சொல்லியும் வரவில்லை, நானே சிமெண்ட் பூசினேன், இன்னும் கசிகிறது. போன ஞாயிறு சர்ச்சில் உன் இடத்தில் யாரோ உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் சும்மா இருந்தேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்சமாக வைக்கத் தெரியவில்லை, எப்போதும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது.

சனிக்கிழமை வருகிறேன்.

ஸ்டீபன்


அரியூர் நாடு
10.06.2025

என்னங்க,

நீங்கள் வந்து போய் மூன்று நாள் ஆகிறது. நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து தேன்மொழியின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் இறங்கியபோது நான் உங்களைப் பார்க்கவில்லை, உங்களுக்குப் பின்னால் உங்கள் பள்ளி ஆட்கள் யாராவது இறங்குகிறார்களா என்றுதான் பார்த்தேன். அவளை ஆபீசில் நிறுத்தி, "இவ இங்கயே படிக்கட்டும், அதுதான் இவளும் கேட்டா" என்று தலைமையாசிரியரிடம் சொன்னபோதும், இதற்குப் பதிலாக என்ன கேட்பீர்கள் என்றே காத்திருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் தேன்மொழி மைதானத்து ஓரத்தில் நின்று, "என்னைச் சேத்துக்குவீங்களா மிஸ்?" என்றாள்.

"சீட்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் ஆடு கண்ணு" என்றேன்.

அத்தாயி எதிர்ப்பக்கம். ஆட்டம் முழுக்க நான் பந்தைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலாமரத்தடியில் சின்னுசாமியோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் கத்தும்போதுகூடத் திரும்பவில்லை. ஆட்டமே உயிராக இருக்கிற மனிதர் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது எனக்காகவா, என்னை ஏமாற்றவா? அன்று முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

உங்கள் வேலை என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போய்விட்டது என்று ஊகித்துக்கொண்டேன்.

நான் இந்தப் பள்ளியை விடமாட்டேன். ஆனால் இந்த வெள்ளியும் சனியும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழன் கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன். சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருந்தால் நாம் கிழவனும் கிழவியும் ஆகிவிடுவோம்.

மெர்சி