சக்கரத்தில் வைக்காத சந்தனம்

அன்பு மாப்ளே முத்தையா,

வீட்டில் பெரியவர்கள் முன்னால் "வாங்க மாப்பிள்ளை" என்பேன், மிஷின் பக்கம் வந்துவிட்டால் "ஏலே" என்பேன். என் தங்கச்சி பேச்சியை நீ கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. இதை நாலு பேர் படிப்பார்கள் என்று இப்போது மரியாதை கூட்டினால் நீயே சிரிப்பாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

ஆயுதபூசை முடிந்தது. அச்சாபீசில் காலண்டர் சீசன், மிஷின்களுக்கு ஓய்வே இல்லை. உன் இடத்தில் புது ஆள் நிற்கிறான். நல்லவன்தான், ஆனாலும் எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

முக்கியமான சேதி, கார்ப் பந்தயம் நடந்தது. நாம் ரெண்டு பேரும் விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது அது இல்லாவிட்டால் பூசையே நடந்த மாதிரி இல்லை என்கிறார்கள். வழக்கம்போல, காகிதம் அடுக்கும் நீளப் பலகையை மிஷின் மேல் சாய்த்து, உள்ளங்கை அளவு மரக்கார்களை உச்சியிலிருந்து விட்டோம். சிமெண்டுத் தரையில் எது அதிக தூரம் ஓடுகிறதோ அது ஜெயிக்கும். மிஷின்காரர்கள் நாம் ஒரு பக்கம், பைண்டிங் சங்கரலிங்கம் ஆட்கள் மறுபக்கம்.

சக்கரத்துக்காக நீ பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? நூல்கட்டையை அறுத்துப் போட்டாய், துளை பெரிசாக இருந்து ஆட்டம் கண்டது. சோடா மூடி போட்டாய், பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. கடைசியில் கடைசல் பட்டறையில் சொல்லி, வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் நாலு சக்கரம் கடைந்து வாங்கி, சைக்கிள் கம்பியில் கோத்தாய். நான் மிஷின் எண்ணெயை எடுத்தால் கையைத் தட்டிவிடுவாய். "எண்ணெ போட்டா நம்ம ஊருப் புழுதி அம்புட்டும் வந்து ஒட்டிக்கிடும்லே" என்று பென்சில் கரியைப் பொடித்துத் தூவுவாய்.

அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் போன வருசம் என்ன ஆனது? பூசைக்கு வைத்த வண்டிக்கு, நிஜ சைக்கிளுக்கு வைப்பது போல நாலு சக்கரத்திலும் வழிய வழியச் சந்தனம் வைத்துவிட்டாள் பேச்சி. அது கம்பிக்குள் இறங்கிக் காய்ந்து, வண்டி பாதிப் பலகையிலேயே நின்றுவிட்டது. பைண்டிங்காரர்கள் விசிலடித்தார்கள். நீ திட்டப்போகிறாய் என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நீயோ, "அடுத்த வருசம் மண்டையில மட்டும் வையி பேச்சி, காலைக் கட்டிப்புடாத" என்று சிரித்தாய். அடுத்த வருசம் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்!

ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. பூசைக்குக் கூப்பிட்டேன். "சந்தனக் கிண்ணம் இருக்க இடத்துல எனக்கென்ன சோலிண்ணே?" என்றாள். அப்படி அவள் காதில் ஓதியது யார்? நம் சொந்தக்காரர்களுக்கு வேறு வேலை என்ன? சின்ன வயசு, மாப்ளே. இப்படியே மூலையில் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

வண்டியையாவது கொடு, நான் விடுகிறேன் என்று போய் நின்றேன். எடுத்துத் தந்தாள்.

"என்ன போட்டு விடப் போறீக?"

"மிஷின் எண்ணெதான்."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அவுக இருந்தா விடுவாகளா? எம்புட்டுச் சொன்னாலும் உங்களுக்கு ஏறாது."

ஊசியை எடுத்து, கம்பியில் இறுகிக் கிடந்த பழைய சந்தனத்தைச் சுரண்டினாள். பென்சில் கரியைப் பொடித்துத் தூவினாள். சக்கரம் ஒவ்வொன்றையும் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டாள், அப்படியே உன்னை மாதிரி. பிறகு, "நீங்க கோணலா விட்டுருவீக, நானே வாரேன்" என்று எழுந்தாள்.

அச்சாபீசில் எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது, நம்முடையதுதான் வெறுமனே இருந்தது. நான் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். "வேற யாராச்சும் வையிங்கத்தா" என்றது கூட்டத்தில் ஒரு குரல். நான் வாயைத் திறப்பதற்குள் சங்கரலிங்கம் முந்திக்கொண்டார். "இங்கன யாரும் குறுக்க பேசாதீக. நீ வையி தாயி. போன வருசம் மாதிரி சக்கரத்துக்கே வையி, எங்களுக்கு அதுதான் வசதி!"

கூடமே சிரித்தது. பேச்சியும் சிரித்தாள் மாப்ளே, நீ போன பிறகு முதல் தடவையாக. விரலில் தொட்டு, வண்டியின் உச்சியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள்.

நம் வண்டி எங்கும் நிற்காமல் பலகையை விட்டிறங்கித் தரையில் வெகுதூரம் ஓடியது. பைண்டிங் வண்டி ஒரு சாண் கூடுதலாகப் போய்விட்டது. தோற்றுவிட்டோம். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் வண்டியை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நடந்தாள். அவ்வளவுதான், மறுபடி மூலைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

தெருமுனையில் நின்றாள். "பின்சக்கரம் கனம் பத்தலைண்ணே. அடுத்த வருசம் வேற கடையச் சொல்லணும்."

அடுத்த வருசம் என்றாள், மாப்ளே.

சக்கரத்தை அவளே பார்த்து எடுக்கட்டும். எண்ணெய்க் கேன் பக்கம் நான் போகமாட்டேன். யார் என்ன சொன்னாலும் சந்தனக் கிண்ணம் முதலில் அவள் கைக்குத்தான் போகும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மிஷின் பக்கம் உன் சேக்காளி,
வீட்டில் உன் மச்சான்.