டிஸ்க்கில் வை என்று மூன்று முறை சொன்னேன்

புனே,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜெனிக்கு,

உன் இருமல் நின்றதா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். நான் நலம். ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லூரி விண்ணப்ப வெப்சைட் ஒன்று நடத்துகிறோம் இல்லையா? யார் உள்ளே வந்தார், எதுவரை நிரப்பினார் என்பதை வைத்திருக்க டேட்டாபேஸில் இரண்டு என்ஜின் உண்டு. பம்புசெட்டை நினைத்துக்கொள்ளாதே, தகவலைச் சேமிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். ஒன்று மெமரியில் வைக்கும். வேகம்தான், ஆனால் சர்வர் நின்றால் எல்லாம் போச்சு. இன்னொன்று டிஸ்க்கில் எழுதும். கொஞ்சம் மெதுவு, ஆனால் அழியாது. டிஸ்க்கே போதும் என்று மூன்று முறை சொன்னேன். மேனேஜருக்கு வேகம்தான் வேண்டுமாம். நேற்று சர்வர் நின்றது. நிரப்பிக்கொண்டிருந்த நானூறு பேரும் வெளியே!

இங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், எல்லாத் திட்டும் எனக்கே. நெட்டப்பாக்கத்திலிருந்து ஒருவர், "இன்னா சார், காலைலேர்ந்து குந்திக்கினு பொண்ணுக்கு ரொப்பினேன், இப்ப வந்து நீ யாருன்னு கேக்குதே!" என்று கத்தினார். நம் ஊர்ப் பேச்சு. ஃபோனை வைக்கவே மனம் வரவில்லை.

இன்று யாரையும் கேட்காமல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். அதற்குத்தான் மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

ஒன்றே ஒன்று. நம் பாப்பாவுக்கு என் முகத்தை ஃபோனில் மட்டும் காட்டாதே. வில்லியனூரில் ஒரு படம் பிரின்ட் போட்டு, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் ஒட்டு. கிறிஸ்துமஸுக்கு வாசலில் வந்து நிற்கும்போது அவளும் யார் என்று கேட்டுவிடக் கூடாது.

உன்
அருள்